மௌனம் சம்மதம் ஆன கதை: அமெரிக்க வெளியுறவில் அதிபரும் காங்கிரசும்

1789 ஆகஸ்ட் 22, சனிக்கிழமை. அமெரிக்காவின் புதிய அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. அன்றைய தலைநகரான நியூயார்க்கில் செனட் கூடியிருந்த அறைக்கு அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் நேரில் வந்தார். உடன் போர்த்துறைச் செயலாளர் ஹென்றி நாக்ஸ். தெற்கே வாழ்ந்த கிரீக் முதலிய பழங்குடி மக்களோடு செய்துகொள்ள வேண்டிய ஒப்பந்தம் பற்றி செனட்டின் ஆலோசனை அவருக்குத் தேவைப்பட்டது. துணை அதிபர் ஜான் ஆடம்ஸ் தாளை வாசித்தார். தெருவில் ஓடிய வண்டிகளின் இரைச்சலில் எதுவும் காதில் விழவில்லை. ஜன்னல்களைச் சாத்திவிட்டு மறுபடியும் வாசிக்க வேண்டியதாயிற்று. பென்சில்வேனியா உறுப்பினர் வில்லியம் மெக்லே எழுந்து, இது தொடர்பான பழைய ஆவணங்களைப் பார்க்காமல் கருத்துச் சொல்ல முடியாது என்றார். ஒரு குழுவிடம் ஒப்படைக்கலாம் என்ற பேச்சு எழுந்ததும் வாஷிங்டனுக்குக் கோபம் வந்துவிட்டது. வந்த காரியமே கெட்டுவிடும் என்று அவர் சீறியதாக மெக்லே தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். திங்கட்கிழமை மீண்டும் வந்து வேலையை முடித்துக்கொண்டு போன வாஷிங்டன், அதன் பிறகு ஒப்பந்த ஆலோசனைக்காக அந்த வாசலை மிதிக்கவே இல்லை. செனட்டின் ‘ஆலோசனையும் ஒப்புதலும்’ பெற்று ஒப்பந்தம் செய்ய வேண்டும் என்கிறது அரசியல் சட்டம். அதில் ஆலோசனை என்ற பாதி முதல் ஆண்டிலேயே தேய்ந்துவிட்டது.

மிஞ்சிய பாதியின் கதி என்ன ஆனது என்பதே இங்கே கேள்வி. அரசியல் சட்டத்தின் எழுத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், வெளியுறவில் மேலோங்கி நிற்பது செனட்டும் பிரதிநிதிகள் சபையும் சேர்ந்த காங்கிரஸ்தான். போரை அறிவிப்பது, படை திரட்டுவது, கடற்படையைப் பேணுவது, அயல்நாட்டு வணிகத்தை முறைப்படுத்துவது, சுங்கவரி விதிப்பது, கருவூலத்தைத் திறப்பது ஆகிய எல்லாமே முதல் பிரிவில் காங்கிரசுக்குத் தரப்பட்டவை. தரைப்படைக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒரே மூச்சில் பணம் ஒதுக்கக்கூடாது என்று கட்டுப்பாடும் வைத்தார்கள். அதிபருக்குக் கிடைத்தவை சொற்பம். அவர் படைகளின் தலைமைத் தளபதி. அயல்நாட்டுத் தூதர்களை வரவேற்பவர். செனட்டில் அவைக்கு வந்திருப்போரில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்பினால் ஒப்பந்தம் செய்பவர். இன்றைய நிலைமை இதற்கு நேர்த் தலைகீழ். அதிபர் குண்டு போடுகிறார், உடன்பாடு செய்கிறார், உடன்பாட்டை முறிக்கிறார், வரி போடுகிறார். காங்கிரஸ் செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொள்கிறது. இந்த மாற்றத்தை அதிபர்களின் பேராசை என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. என் கருத்து வேறு. ‘மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி’ என்று நாம் சொல்வோம் அல்லவா, அதையே அமெரிக்க அரசு மெல்ல மெல்ல ஒரு சட்ட விதியாக்கிக்கொண்டுவிட்டது. காங்கிரஸ் பேசாவிட்டால் காரியம் நடக்கக்கூடாது என்று கட்டப்பட்ட வீட்டில், காங்கிரஸ் பேசாவிட்டால் காரியம் நடக்கலாம் என்று ஆகிவிட்டது. சமநிலை குலைந்த இடம் இதுதான்.

அரசியல் சட்டத்தை எழுதியவர்களின் மனத்தில் என்ன இருந்தது என்பதற்கு 1787 ஆகஸ்ட் 17 அன்று பிலடெல்பியாவில் நடந்த விவாதம் சான்று. போரை ‘நடத்தும்’ அதிகாரம் காங்கிரசுக்கு என்று வரைவில் இருந்தது. தென் கரோலினாவின் பியர்ஸ் பட்லர், அதை அதிபரிடமே கொடுத்துவிடலாம் என்றார். குடியரசு ஒன்றில் தனி ஒருவர் போரை அறிவிக்கும் யோசனையைக் கேட்க நேரும் என்று நினைத்ததே இல்லை என்று எல்பிரிட்ஜ் ஜெர்ரி திகைத்தார். பட்லரை ஆதரிக்க ஆள் இல்லை. ஜேம்ஸ் மேடிசனும் ஜெர்ரியும் ‘நடத்த’ என்ற சொல்லை நீக்கி ‘அறிவிக்க’ என்று மாற்றக் கோரினார்கள். திடீர்த் தாக்குதலை முறியடிக்க அதிபருக்கு இடம் இருக்க வேண்டும் என்பதே அவர்கள் சொன்ன காரணம். போரை எளிதாக்குவதைவிட அதற்கு முட்டுக்கட்டை போடுவதே தேவை என்றார் ஜார்ஜ் மேசன். ஆகவே அதிபருக்கு விடப்பட்ட இடம் இன்னதென்று தெளிவாகவே தெரிந்தது. வீட்டுக்குள் திருடன் புகுந்தால் தடியெடுக்கலாம். பக்கத்து ஊருக்குப் படையெடுக்க வேண்டுமானால் ஊர் கூடி முடிவு செய்ய வேண்டும்.

தொடக்க காலத்தில் நீதிமன்றமும் இந்த வரம்பைக் கண்டிப்பாகக் காத்தது. 1799இல் பிரான்சோடு அறிவிக்கப்படாத கடற்போர் நடந்துகொண்டிருந்தபோது, பிரெஞ்சுத் துறைமுகங்களுக்குப் போகும் கப்பல்களைப் பிடிக்கலாம் என்று காங்கிரஸ் சட்டம் செய்தது. அதிபர் ஜான் ஆடம்ஸின் நிர்வாகம் அங்கிருந்து வரும் கப்பல்களையும் பிடிக்கச் சொல்லி ஆணை அனுப்பியது. ஜார்ஜ் லிட்டில் என்ற கேப்டன் ஆணைப்படி ‘ஃபிளையிங் ஃபிஷ்’ என்ற டேனிஷ் கப்பலைப் பிடித்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வந்தது. போகும் கப்பல் என்று காங்கிரஸ் சொன்ன பிறகு, வரும் கப்பலைப் பிடிக்க அதிபரின் ஆணை போதாது; நஷ்டஈட்டைக் கேப்டனே கட்ட வேண்டும் என்று 1804இல் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் தீர்ப்பளித்தார். மேலதிகாரியின் சொல்லைக் கேட்டு நடந்த ஒரு கடற்படை அதிகாரி சொந்தப் பணத்தைக் கட்டும் அளவுக்கு அன்று சட்டம் கறாராக இருந்தது. ‘க்கு’ என்ற வேற்றுமை உருபுக்கும் ‘இருந்து’ என்ற சொல்லுருபுக்கும் இடையே இருந்த தூரம்தான் அதிபரின் அதிகார எல்லையாக நின்றது.

இதற்கு விரிசல் விழுந்தது போர்க்களத்தில்தான். 1846இல் அதிபர் ஜேம்ஸ் போல்க், மெக்சிகோ தன்னுடையது என்று உரிமை கொண்டாடிய, நியூசெஸ் ஆற்றுக்கும் ரியோ கிராண்டேவுக்கும் இடைப்பட்ட நிலத்துக்குப் படையை அனுப்பினார். மோதல் நடந்தது. அமெரிக்க மண்ணில் அமெரிக்க ரத்தம் சிந்திவிட்டது என்று அவர் முழங்க, காங்கிரஸ் மே 13 அன்று போரை அறிவித்தது. ரத்தம் சிந்திய அந்த இடம் எது, காட்டுங்கள் என்று கேட்டுத் தீர்மானம் கொண்டுவந்தார் இல்லினாய்ஸிலிருந்து புதிதாக வந்திருந்த ஓர் உறுப்பினர். அவர் பெயர் ஆபிரகாம் லிங்கன். அதிபர் தேவையின்றியும் அரசியல் சட்டத்துக்கு முரணாகவும் இந்தப் போரைத் தொடங்கினார் என்று 1848 ஜனவரியில் பிரதிநிதிகள் சபை 85க்கு 81 என்ற கணக்கில் தீர்மானித்தது. போர் அநேகமாக முடிந்துவிட்ட பிறகு வந்த தீர்மானம் அது. படையை எங்கே நிறுத்துவது என்ற தளபதியின் அதிகாரம், போரா சமாதானமா என்ற காங்கிரசின் அதிகாரத்தை எப்படி விழுங்கிவிடும் என்பதை இதைவிடத் துலக்கமாகக் காட்டும் நிகழ்ச்சி பின்னாளிலும் அதிகம் இல்லை.

ஆனாலும் 19ஆம் நூற்றாண்டு முழுவதும், 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும், பெரிய போர் என்றால் காங்கிரசிடம் வர வேண்டும் என்ற வழக்கம் நின்றது. 1812, 1846, 1898, 1917, 1941 என ஐந்து போர்களுக்கும் பிரகடனம் உண்டு. கடைசிப் பிரகடனம் 1942 ஜூனில் பல்கேரியா, ஹங்கேரி, ருமேனியா ஆகிய நாடுகளுக்கு எதிராக வந்தது. அதற்குப் பிறகு இன்றுவரை ஒன்றுகூட இல்லை. 1950 ஜூனில் வட கொரியா தெற்கே பாய்ந்தபோது அதிபர் ஹாரி ட்ரூமன் காங்கிரசின் அனுமதி கேட்காமலே படையை இறக்கினார். போலீஸ் நடவடிக்கை என்ற பெயரால் நடந்த அந்தப் போரில் 30,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் உயிரிழந்தார்கள். கொரியர்களும் சீனர்களுமாக மடிந்தோர் லட்சக்கணக்கில். அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு வெளியுறவுத் துறை ஒரு குறிப்பைத் தயாரித்தது. காங்கிரசின் பிரகடனம் இல்லாமல் அதிபர்கள் படை அனுப்பிய 85 நிகழ்ச்சிகளின் பட்டியல் அது. அவற்றில் பெரும்பாலானவை கடற்கொள்ளையரை விரட்டியது, ஏதோ ஒரு துறைமுகத்தில் குடிமக்களைக் காப்பாற்றியது போன்ற சில்லறைச் சம்பவங்கள். அப்போதெல்லாம் காங்கிரஸ் வாய் திறக்கவில்லை. ஆகவே இப்போதும் திறக்க வேண்டியதில்லை என்பதே பட்டியலின் வாதம். அற்பமான விஷயங்களில் காட்டிய பொறுமை, மூன்றாண்டுப் போருக்கான அனுமதிச் சீட்டாக மாற்றப்பட்டது. மௌனம் சட்டமாகிய முதல் பெரிய நாள் என்று அதைத்தான் சொல்லவேண்டும்.

அதே போரின் நடுவே எதிர்த்திசையில் ஒரு தீர்ப்பு வந்ததையும் சொல்லியாக வேண்டும். 1952இல் வேலைநிறுத்தம் போர்த் தளவாட உற்பத்தியைப் பாதிக்கும் என்று சொல்லி ட்ரூமன் உருக்காலைகளைக் கையகப்படுத்தினார். உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அதை ரத்து செய்தது. நீதிபதி ராபர்ட் ஜாக்சன் தனியாக எழுதிய கருத்துரைதான் இன்றும் இந்தத் துறையின் பாடப்புத்தகம். காங்கிரசின் அனுமதியோடு செயல்படும் அதிபருக்கு அதிகாரம் உச்சத்தில் இருக்கும். காங்கிரசின் விருப்பத்துக்கு எதிராகச் செயல்பட்டால் அது அடிமட்டத்துக்குப் போகும். காங்கிரஸ் ஒன்றும் சொல்லாத இடம் மங்கலான அந்திவெளி. இந்த மூன்றாவது இடத்தைத்தான் பின்வந்தவர்கள் தங்கள் வீடாக்கிக்கொண்டார்கள். 1981இல் ஈரான் பணயக்கைதிகள் விவகாரத்தில் அதிபர் செய்த உடன்பாட்டை ஆராய்ந்த உச்ச நீதிமன்றம், காங்கிரஸ் நீண்ட காலமாக மறுப்புச் சொல்லாததையே அதன் இசைவுக்கு அடையாளமாக எடுத்துக்கொண்டது. ஜாக்சன் மங்கல் என்று சொன்ன இடத்தில் வெளிச்சம் போட்டுக் கொடுத்தது அந்தத் தீர்ப்பு.

வியட்நாமில் காங்கிரஸ் மௌனமாக இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டது. அங்கே படையைப் பயன்படுத்த அனுமதித்த டோன்கின் வளைகுடாத் தீர்மானம் 1964 ஆகஸ்டில் செனட்டில் 88க்கு 2 என்று நிறைவேறியது. வெய்ன் மோர்ஸ், எர்னஸ்ட் குரூனிங் இருவர் மட்டுமே எதிர்த்தார்கள். பிரதிநிதிகள் சபையில் எதிர்வாக்கே இல்லை. அந்தக் காயத்திலிருந்து பிறந்தது 1973 நவம்பர் 7 அன்று அதிபர் நிக்சனின் வீட்டோவை, அதாவது மறுப்பதிகாரத்தை, மீறி நிறைவேறிய போர் அதிகாரத் தீர்மானம். படையை மோதலில் இறக்கினால் 48 மணி நேரத்துக்குள் அதிபர் காங்கிரசுக்குத் தெரிவிக்க வேண்டும். 60 நாளுக்குள் அனுமதி கிடைக்காவிட்டால் நிறுத்த வேண்டும். விலகிவர மேலும் 30 நாள் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு முன்பே நிறுத்த வேண்டுமானால் இரண்டு அவைகளும் சேர்ந்து, அதிபரின் கையெழுத்து தேவைப்படாத ஒரு தீர்மானத்தால் ஆணையிடலாம். இந்தக் கடைசி ஏற்பாடுதான் சட்டத்தின் முதுகெலும்பு. 1983இல் குடியேற்றம் தொடர்பான வேறொரு வழக்கில், அதிபரின் முன் வைக்கப்படாத தீர்மானம் எதற்கும் சட்ட வலிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. முதுகெலும்பு முறிந்தது அந்த வழக்கில்தான்.

இதன் கணக்கைப் பொறுமையாகப் போட்டுப் பார்க்க வேண்டும். ஏனெனில் விவகாரமே இந்தக் கணக்கில்தான் அடங்கியிருக்கிறது. போர் தொடங்க இரு அவைகளிலும் பெரும்பான்மை வேண்டும் என்பது 1787இன் ஏற்பாடு. ஓர் அவையில் பாதிப்பேர் தயங்கினாலே போர் இல்லை. 1983க்குப் பிறகு, அதிபர் தொடங்கிவிட்ட போரை நிறுத்தக் காங்கிரஸ் ஒரு தீர்மானம் போட்டால் அதிபர் வீட்டோ செய்வார். அதை மீற இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அதாவது நூறு செனட்டர்களில் 34 பேர் அதிபர் பக்கம் இருந்தால் போதும், போர் தொடரும். இது ஏட்டுக் கணக்கு மட்டும் இல்லை. ஏமனில் சவூதி கூட்டணிக்கு அளித்துவந்த படை உதவியை நிறுத்தும் தீர்மானம் 2019இல் செனட்டில் 54க்கு 46 என்றும், பிரதிநிதிகள் சபையில் 247க்கு 175 என்றும் நிறைவேறியது. இரண்டு அவைகளும், இரண்டு கட்சியினரும் சேர்ந்து வேண்டாம் என்றார்கள். அதிபர் டிரம்ப் ஏப்ரல் 16 அன்று வீட்டோ செய்தார். அதை மீற செனட்டில் கிடைத்தது 53 வாக்கு, எதிராக 45. நாற்பத்தைந்து பேர் வென்றார்கள். ஏமனில் பட்டினியால் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்த காலம் அது.

அறுபது நாள் கடிகாரமாவது ஓடியதா என்றால், அதையும் நிறுத்தக் கற்றுக்கொண்டார்கள். 1999இல் கொசோவோவுக்காக யுகோஸ்லாவியா மீது 78 நாள் குண்டு வீசப்பட்டது. அந்தத் தாக்குதலுக்கு ஒப்புதல் தரும் தீர்மானம் பிரதிநிதிகள் சபையில் 213க்கு 213 என்று சமமாகித் தோற்றது. குண்டுவீச்சு நிற்கவில்லை. வழக்குப் போட்ட உறுப்பினர்களுக்கு வழக்காடும் தகுதி இல்லை என்று நீதிமன்றம் அனுப்பிவைத்தது. 2011இல் லிபியாவில் அறுபது நாள் கடந்தபோது, அமெரிக்கப் படையினர் தரையில் இல்லை, உயிர்ச்சேதத்துக்கு வாய்ப்பும் குறைவு; ஆகவே இது சட்டம் சொல்லும் ‘மோதல்’ ஆகாது என்று ஒபாமா நிர்வாகம் வாதிட்டது. குண்டு யார் மேல் விழுகிறதோ அவனுக்கு அது மோதல்தான். ஆளில்லா விமானங்களும் தொலைதூர ஏவுகணைகளும் பெருகும் காலத்தில் இந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டால், அமெரிக்கர் சாகாத எந்தப் போருக்கும் காங்கிரஸ் தேவையில்லை என்று ஆகிவிடும். 2001 செப்டம்பரில் இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பின் நிறைவேறிய அனுமதிச் சட்டத்தின் செயற்பகுதி ஆங்கிலத்தில் அறுபதே சொற்கள். பிரதிநிதிகள் சபையில் பார்பரா லீ ஒருவர் மட்டுமே எதிர்த்து வாக்களித்தார். 420 பேர் ஆதரித்தார்கள். அந்தத் தாக்குதலை நடத்தியவர்களையும் அவர்களுக்கு இடம் கொடுத்தவர்களையும் குறித்த அந்தச் சொற்களை வைத்துக்கொண்டு, அன்று பிறந்திராத அமைப்புகளின் மீது, ஆப்கானிஸ்தானுக்கு வெகு தூரத்தில் உள்ள நாடுகளில் நான்கு அதிபர்கள் தாக்குதல் நடத்தினார்கள். சட்டத்தில் முடிவுத் தேதி இல்லை. தேதி எழுத மறந்த அனுமதியும் ஒருவகை மௌனமே.

ஒப்பந்தங்களின் கதை சத்தமில்லாதது, அதனால் சுருக்கமாகவே சொல்லலாம். 1920இல் வெர்சாய் ஒப்பந்தத்துக்கு 49 பேர் ஆதரவும் 35 பேர் எதிர்ப்பும் தெரிவித்தும், மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காமல் அது தோற்றது. அந்த அனுபவத்துக்குப் பின் வந்த அதிபர்கள் செனட்டைச் சுற்றிக்கொண்டு போகும் வழியைத் தேடினார்கள். நிர்வாக உடன்பாடு என்ற பெயரில் செய்துகொண்டால் வாக்கெடுப்பு வேண்டாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்திலிருந்து அமெரிக்கா செய்துகொண்ட சர்வதேச உடன்பாடுகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் இவ்வகையே. வெளியேறுவதற்கும் காங்கிரஸ் வேண்டியதில்லை என்றானது. 1978 டிசம்பரில் அதிபர் ஜிம்மி கார்டர் தைவானோடான பாதுகாப்பு ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாக அறிவித்தபோது செனட்டர் பாரி கோல்ட்வாட்டர் வழக்குத் தொடுத்தார். உச்ச நீதிமன்றம் உள்ளே நுழைய மறுத்தது. காங்கிரசே மோதத் தயாராக இல்லாதபோது நாங்கள் ஏன் என்பது நீதிபதி லூயிஸ் பவெலின் நிலைப்பாடு. இதன் விலையை அதிபர்களே கொடுக்கிறார்கள். 2015இல் ஒபாமா ஈரானோடு செய்த அணு உடன்பாட்டை 2018இல் டிரம்ப் ஒரு கையெழுத்தால் முறித்தார். ஒருவர் தனியாகக் கட்டியதை இன்னொருவர் தனியாக இடிக்கலாம். அமெரிக்காவின் வாக்கு நான்கு ஆண்டுக்கு மட்டும்தானா என்று எதிரே உட்கார்ந்திருப்பவர் கேட்கும் நிலை வந்துவிட்டது.

வணிகத்தில் இது நம் வீட்டு வாசலுக்கே வந்தது. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீது அமெரிக்க இறக்குமதி வரி 50 சதவீதமானது. அதில் பாதி, ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்கான தண்டனை. திருப்பூரின் பனியன் கம்பெனிகளில் ஆர்டர்கள் நின்றன. அமெரிக்க வாங்குவோர் சரக்கைப் பிடித்து வைக்கச் சொன்னார்கள். சுங்கவரி விதிக்கும் அதிகாரம் அரசியல் சட்டப்படி காங்கிரசுடையது. 1934 முதல் அதைத் துண்டு துண்டாக அதிபரிடம் காங்கிரசே கொடுத்துவந்தது என்றாலும், இந்த வரிக்கு அதிபர் காட்டிய சட்டம் 1977இன் அவசரகாலப் பொருளாதார அதிகாரச் சட்டம். அதில் வரி என்ற சொல்லே கிடையாது. பன்னாட்டு வணிக நீதிமன்றம் 2025 மே மாதத்திலும், மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆகஸ்டிலும், அந்தச் சட்டம் இவ்வளவு அதிகாரம் தரவில்லை என்று தீர்ப்புச் சொல்லின. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வழக்காடியது காங்கிரஸ் இல்லை. ஒயின், பொம்மை முதலியவற்றை இறக்குமதி செய்யும் சிறு நிறுவனங்கள். காங்கிரசின் நிலை வேறாக இருந்தது. அவசரநிலையை ரத்து செய்யும் தீர்மானம் வந்தால் குறிப்பிட்ட நாள்களுக்குள் வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்பது விதி. கனடா, மெக்சிகோ வரிக்கு அடிப்படையான அவசரநிலை குறித்து அப்படி ஒன்று வராமல் இருக்க, அந்தக் கூட்டத்தொடரின் எஞ்சிய நாள்கள் நாள்களாகவே கணக்கில் வராது என்று 2025 மார்ச்சில் பிரதிநிதிகள் சபை விதி செய்தது. பேசாமல் இருப்பதற்காக ஒரு சபை நாள்காட்டியையே நிறுத்திவைத்தது. இதைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட வருத்தம் இன்னும் தீரவில்லை.

காங்கிரசால் முடியாது என்று இதிலிருந்து முடிவு கட்டக்கூடாது. பேசத் துணிந்தபோதெல்லாம் அதற்கு வலு இருந்தது. 1973 கோடையில் கம்போடியா மீதான குண்டுவீச்சுக்கு ஆகஸ்ட் 15க்குப் பின் பணம் இல்லை என்று சட்டம் செய்தது. அந்த நாளில் குண்டுவீச்சு நின்றது. 1986இல் தென்னாப்பிரிக்க நிறவெறி அரசின் மீதான தடைச் சட்டத்தை அதிபர் ரீகன் வீட்டோ செய்தார். பிரதிநிதிகள் சபை 313க்கு 83 என்றும் செனட் 78க்கு 21 என்றும் அதை மீறின. நெல்சன் மண்டேலா சிறையில் இருந்த காலத்தில், அவரை அடைத்து வைத்திருந்த அரசோடு நயமாகப் பேசினால் போதும் என்று அதிபர் நினைத்தபோது, சரியான பக்கத்தில் நின்றது காங்கிரஸ். நமக்குத் தெரிந்த இன்னொரு உதாரணம் இந்திய-அமெரிக்க அணுசக்தி உடன்பாடு. அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத இந்தியாவுக்கு விலக்கு அளிக்க வேண்டுமானால் காங்கிரஸ் வெளிப்படையாக ஆம் என்று சொல்லியாக வேண்டும். 2006இல் ஒரு சட்டம், 2008 செப்டம்பர் 27இல் பிரதிநிதிகள் சபையில் 298க்கு 117, அக்டோபர் 1இல் செனட்டில் 86க்கு 13 என்று இரண்டு சுற்றுகளாக அந்த ஆம் கிடைத்தது. இந்திய அரசியல் சட்டத்தில் இப்படி ஒரு கட்டாயமே இல்லை. இங்கே இடதுசாரிகள் ஆதரவை விலக்கியதால்தான் நம்பிக்கை வாக்கெடுப்பு நடந்தது. அங்கே மூன்றாண்டு விவாதித்துப் பெற்ற உடன்பாடு, இரு நாட்டிலும் ஆட்சிகள் மாறியும் அசையாமல் நிற்கிறது. ஈரான் உடன்பாட்டை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மறுப்புகள் வலுவானவை, அவற்றைத் தட்டிக்கழிக்க முடியாது. ஏவுகணை அரைமணி நேரத்தில் கண்டம் தாண்டும் காலத்தில் 535 பேர் கூடிப் பேச நேரம் ஏது என்பது முதல் கேள்வி. திடீர்த் தாக்குதலுக்கு அதிபர் யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று 1787இலேயே சொல்லியாயிற்று. ஆனால் விவாதத்துக்கு வந்த போர்கள் எவை? 1991 வளைகுடாப் போருக்கு ஐந்து மாதம் படை குவிக்கப்பட்டது. ஜனவரி 12 அன்று செனட் 52க்கு 47 என்று அனுமதித்தது. போர் எந்த வகையிலும் கெட்டுப்போகவில்லை. கொசோவோ, லிபியா, ஏமன் இவற்றில் எதுவும் அரைமணி நேர அவசரம் இல்லை. அவசரம் உண்மையில் இருக்கும் இடம் வெகு சிறியது. அதைக் காட்டி மற்ற எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வது நியாயம் ஆகாது.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கடினம்: காங்கிரஸ் ஒன்றும் அறிவாளிகளின் சபை இல்லை. 1898இல் தயங்கிய அதிபர் மெக்கின்லியைப் போருக்குத் தள்ளியது அது. 1930களில் நடுநிலைச் சட்டங்களால் ஹிட்லரை எதிர்த்தவர்களின் கையைக் கட்டிப்போட்டதும் அதுவே. 2002இல் இராக் போருக்கு செனட் 77க்கு 23 என்று தலையாட்டியது. இவ்வளவும் உண்மை. நான் சொல்வது காங்கிரஸ் சரியாக முடிவெடுக்கும் என்று இல்லை. அது எடுக்கும் முடிவுக்குப் பெயர் இருக்கும் என்பதுதான். 2002இல் யார் எப்படி வாக்களித்தார்கள் என்பது ஏட்டில் இருக்கிறது. 2008இல் ஹிலாரி கிளிண்டனை எதிர்த்து நின்ற ஒபாமாவுக்கு அந்த ஒரு வாக்கு எவ்வளவு பெரிய ஆயுதமாக இருந்தது என்பது உலகறிந்தது. லிபியாவில் போரைத் தொடங்கும் முன் அப்படி ஒரு வாக்கெடுப்பு நடக்கவில்லை. தவறான முடிவுக்கு மக்கள் தண்டனை கொடுக்கலாம். எடுக்கப்படாத முடிவுக்கு யாருக்குத் தண்டனை கொடுப்பது? தன் பெயர் ஏட்டில் ஏறக்கூடாது என்பதற்காகவே பல உறுப்பினர்கள் மௌனத்தை விரும்புகிறார்கள். போர் வென்றால் கைதட்டலாம், தோற்றால் அதிபரைக் குறை சொல்லலாம். அதிபர்கள் பறித்தார்கள் என்பதைவிட, இவர்கள் கைநழுவவிட்டார்கள் என்பதே பொருத்தம்.

நாடு வெளியே ஒரே குரலில் பேச வேண்டும் என்பது மூன்றாவது மறுப்பு. 1936இல் நீதிபதி ஜார்ஜ் சதர்லேண்ட், பொலிவியா-பராகுவே போருக்கு ஆயுதம் விற்ற நிறுவனத்தின் வழக்கில், அதிபரே வெளியுறவின் ஒரே வாய் என்று எழுதினார். அந்த வழக்கில் அதிபர் செயல்பட்டது காங்கிரஸ் தந்த அனுமதியின் பேரில் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரே குரல் தேவைப்படும் இடங்கள் உண்டு. எந்த அரசை அங்கீகரிப்பது என்பது அதிபருடையது மட்டுமே என்று 2015இல் ஜெருசலேமில் பிறந்தவரின் பாஸ்போர்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை நான் ஏற்கிறேன். வாய் ஒன்றாக இருக்கலாம்; அந்த வாய் எதைச் சொல்ல வேண்டும் என்று தீர்மானிப்பது வேறு வேலை.

ஆகவே செய்ய வேண்டியது, மௌனத்தின் பொருளைத் திருப்பி எழுதுவது. நிறுத்தச் சொல்லிக் காங்கிரஸ் வாக்களிக்கும் முறையை விட்டுவிட்டு, தொடரச் சொல்லி வாக்களிக்காவிட்டால் பணம் தானாக நின்றுவிடும் முறைக்கு வர வேண்டும். வீட்டோ செய்ய அங்கே எதுவும் இருக்காது. இல்லாத வாக்கை எந்த அதிபரும் ரத்து செய்ய முடியாது. கிறிஸ் மர்ஃபி, மைக் லீ, பெர்னி சாண்டர்ஸ் என்று ஒருவருக்கொருவர் பொருந்தாத மூன்று செனட்டர்கள் 2021இல் சேர்ந்து கொண்டுவந்த மசோதா இதைத்தான் சொன்னது. அறுபது நாளை இருபதாகக் குறைத்து, அனுமதி இல்லாவிட்டால் நிதியை அறுத்து, அவசரநிலைகளை முப்பது நாளில் காலாவதியாக்கி, பெரிய ஆயுத விற்பனைகளுக்கு வெளிப்படையான ஒப்புதலைக் கட்டாயமாக்கியது. 2001 அனுமதிச் சட்டத்துக்கும் முடிவுத் தேதி வேண்டும். இவை சட்டமாக ஓர் அதிபர் கையெழுத்திட வேண்டும், அல்லது மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்பது பெரும் தடைதான். ஆனால் நிக்சனின் வீட்டோவை மீறிய 1973ஆம் ஆண்டு காங்கிரசுக்கும் அதே தடை இருந்தது.

அதுவரை நிலைமை எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் ஆணை சாட்சி. தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்தில் பணயக்கைதிகள் பிடிபட்ட பத்தாம் நாள், 1979 நவம்பர் 14 அன்று, ஈரானிய சொத்துகளை முடக்குவதற்காக ஜிம்மி கார்டர் ஒரு தேசிய அவசரநிலையை அறிவித்தார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரு அவைகளும் கூடி, அது தொடர வேண்டுமா என்று ஆராய வேண்டும் என்கிறது சட்டம். பணயக்கைதிகள் 1981 ஜனவரியில் வீடு திரும்பிவிட்டார்கள். அவசரநிலை ஆண்டுதோறும் நவம்பரில் அதிபர்களால் நீட்டிக்கப்பட்டு, 45 ஆண்டுகளைத் தாண்டியும் நடப்பில் இருக்கிறது.